உன் பூட்ஸுக்குள் மூக்கை விட்ட கிராணி

என் செல்ல மாப்பிள்ளைக்கு,

நீ போன இடத்தில் ஆடு இருக்கிறதா? இருந்தால் இந்நேரம் பட்டி போட்டிருப்பாய். உன்னைத் தெரியாதா எனக்கு?

உன் கழுதை செய்த காரியத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன். சுங்கைப்பட்டாணி பக்கத்து விலங்குப் பண்ணையை மூடியபோது, ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் பிறந்தது போலிருக்கும் அல்பாக்காவை வாங்கத்தானே போனோம்? அது என் முகத்தில் துப்பிய துப்பில் மெர்போக் ஆறே கரைபுரண்டது. "அதுக்கும் உன் மூஞ்சி பிடிக்கல மச்சான்" என்று சிரித்துவிட்டு, மூலையில் நின்ற கழுதையை ஏற்றி வந்தாய். அடுத்தவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறது என்று, தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியின் பட்டத்தையே அதற்குச் சூட்டினாய்.

எஸ்டேட்டே சிரித்தது. ஆனால் செம்பனைத் தோட்டத்துக்குள்ளிருந்து நாய்க்கூட்டம் ஆடுகளைத் துரத்தி வந்த அன்று, கிராணி காதைப் பின்னால் மடக்கி ஓர் உதை விட்டது பார், அந்த நாய் அலோர் ஸ்டாரில்தான் போய் விழுந்திருக்கும்.

உன்னை எடுத்த அன்று, தேவாரம் பாடும்போது கத்திவிடுமென்று என் தங்கை லெட்சுமி அதைச் செம்பனை மரங்களின் கடைசி நிரையில் கட்டச் சொன்னாள். மோந்து பார்த்தால்தான் கழுதைக்குச் சாவு புரியும் என்பாயே, அந்த அமளியில் யாருக்கு நினைவிருந்தது?

அவிழ்த்துவிட்டதும் வாசல் கேட்டுக்குப் போய், உன் லோரி வரும் பாதையைப் பார்த்தபடி நின்றது. புல்லைத் தொடவில்லை. ஆடுகளோடு போகவில்லை. நாய்களுக்கு அது தெரிந்துவிட்டது. இரண்டு ஆட்டுக்குட்டிகள் போயின, மாப்பிள்ளை.

"எல்லாத்தையும் வித்துடலாம் அண்ணே. எனக்குத் தெம்பில்ல" என்றாள் லெட்சுமி. எட்டாம் நாள் படைக்கும் எட்டாந் துக்கம் கழிந்த மறுநாள் கோலா கெடா ஆட்டு வியாபாரி வருவதாகப் பேச்சு. நீ பேர் வைத்து வளர்த்த மந்தை. நான் என்ன சொல்லித் தடுப்பேன்?

எட்டாந் துக்கத்தன்று படையலில் நண்டும் வடையும் ஸ்டவுட் பீரும் வைத்தோம். பக்கத்தில் உன் தொப்பி, துவைக்க மனமில்லாமல் அவள் வைத்திருந்த கைலி, சேறு ஒட்டிய பூட்ஸ். சாம்பிராணி போடும் நேரம் கிராணி நேராக உள்ளே நடந்து வந்தது. எங்கள் பெரியம்மா போட்ட கூச்சலில் தஞ்சோங் டாவாய் கடல் மீனெல்லாம் கரையேறியிருக்கும். "அடிங்கடா! படையலத் தின்னுடும் லா!"

தின்னவில்லை. வடையைத் தாண்டி, உன் பூட்ஸுக்குள் மூக்கை விட்டது. கைலியை மோந்தது. அப்படியே நின்றது.

ஓங்கிய விளக்குமாற்றை லெட்சுமி கீழே போட்டாள். அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அவரு வரமாட்டாரு கிராணி. நானும் அந்தக் கேட்டத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்." நீ போனதிலிருந்து அவள் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

கழுதைக்கு எவ்வளவு புரிந்ததோ, யாருக்குத் தெரியும்? மறுநாள் காலை அவள் உன் பூட்ஸை மாட்டிக்கொண்டு பட்டிக்குப் போனாள். ஒரு பூட்ஸில் நாலு லெட்சுமி குடியிருக்கலாம்! அந்த வாசனைக்குப் பின்னால் கிராணி போனது. கிராணிக்குப் பின்னால் ஆடுகள் போயின. வியாபாரி ஹார்ன் அடித்தார். "ஆடு வேலைக்குப் போயிடுச்சுங்க, நீங்க போங்க லா" என்று கத்தினாள்.

அவளைத் தனியாகச் செம்பனைக்குள் போகவிட மாட்டேன், மாப்பிள்ளை. நாய் வந்தால் கிராணி உதைக்கும். அது தவறவிட்டால் நான் உதைப்பேன். இது சத்தியம்.

தங்கையைக் கொடுத்து உன்னை எடுத்துக்கொண்ட
உன் மச்சான்