செல்வி வரைந்த கறுப்பு விளக்கு

வெள்ளி, இரவு.

வில்லியனூர் தொழிற்சாலைச் சுவரில் உள்ளூர் ஓவியரோடு சேர்ந்து தொழிலாளர்கள் படம் வரைந்தார்கள். செய்தி எடுக்கப் போனேன். காது கேளாத செல்வி, தான் வேலை செய்யும் தகடு வெட்டும் மெஷினை வரைந்திருந்தாள். அது ஓடப்போவதைக் காட்டும் சிவப்பு விளக்குக்கு மட்டும் கறுப்பு பூசியிருந்தாள். காரணம் கேட்டேன். அவள் சைகையைப் பார்த்துத் தோழி மேரி சொன்னாள்:

"அது எரிஞ்சே மாசக்கணக்காவுது சார். மெஷின் ஓடப்போவுதுன்னு சங்கு ஊதுனா செல்விக்கு இன்னா கேக்கும்?"

சொன்னதும் பதறினாள். "பேப்பர்ல போட்டுடாத சார், இதுக்கு வேல பூடும்."

மேலாளர் அந்தப் படத்தின் முன்பே வந்து நின்றார். "கலர் சூப்பர்ல சார்?" என்று சிரித்தார். புகைப்படம் எடுத்தேன்.

விளக்கைப் பற்றி ஒரு வரியும் இல்லாமல் செய்தியை அனுப்பிவிட்டேன். அவள் வேலை தப்பியது. காலையில் அந்த மெஷினுக்குள் கையை விடப்போவதும் அவள்தான். பேப்பர் அச்சுக்குப் போக இன்னும் நேரமிருக்கிறது. எதற்கு அதிகம் பயப்படுவது என்றுதான் தெரியவில்லை.