பிடிபட்டான்

மார்ச் 6

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சி எழுதுவது. போனில் எதுவும் பேச வேண்டாம் என்று அண்ணி சொன்னதால் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை உங்கள் மாப்பிள்ளையைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. கடையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டிக்கொண்டிருந்தவரைக் கைகூடக் கழுவ விடவில்லை. தண்ணீர் மோட்டாரைத் தானாக நிறுத்தும் டைமர் முப்பத்தெட்டையும் சாக்கில் அள்ளிக்கொண்டார்கள். "இத்தனை எதுக்குடா?" என்று கேட்டார்கள். "வெயில் காலம் சார், எல்லாரும் கேப்பாங்க" என்றார். அதற்கே ஓர் அறை.

சாயங்காலம் டிவியில் அரசு அறிக்கை படித்தார்கள்: ‘நாசவேலைக்கான நேரக் கருவிகளுடன் பயங்கரவாதி ஒருவன் பிடிபட்டான்.’ எங்கள் கடைத்தெருவைச் சொன்னதும் புரிந்துவிட்டது. "அப்பாவை ஏம்மா அவன் இவன்னு சொல்றாங்க?" என்று பாப்பா அழுகிறாள்.

அந்த அறிக்கைகள் உங்கள் செய்தி அலுவலகத்திலிருந்துதானே போகின்றன? எழுதியவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். விட்டுவிடச் சொல்லவில்லை. ‘பிடிபட்டார்’ என்றாவது போடட்டும்.

உங்கள் தங்கச்சி


மார்ச் 11

அன்புத் தங்கச்சிக்கு,

எழுதியது நான்தான்.

போலீஸிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வரும். இடம், பொருள், ஆள் ஒன்று, பேர் இருக்காது. உங்கள் கடைத்தெரு என்று பார்த்தும் அது மாப்பிள்ளை என்று எனக்குத் தோன்றவில்லை. சீட்டில் டைமர் என்றுதான் இருந்தது. ‘நேரக் கருவி’ என்று மாற்றியது என் கை. நல்ல தமிழ் என்று மேலதிகாரி பாராட்டக்கூடச் செய்தார். நம் ஆள் என்றால் ‘உயிரிழந்தார்’, அவர்கள் ஆள் என்றால் ‘கொல்லப்பட்டான்’. பதினேழு வருஷமாக இதுதான் பழக்கம்.

இன்று அடுத்த அறிக்கையில், ‘கைதான நபர் விசாரிக்கப்பட்டு வருகிறார்’ என்று எழுதிப் பார்த்தேன். மேலதிகாரி அந்த ‘ர்’ மேல் வட்டம் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"என்னய்யா, மரியாதை பலமா இருக்கு? உன் சொந்தக்காரனா?"

"இல்ல சார், கை தவறிடுச்சு" என்றேன்.

நானே அடித்து ‘ன்’ போட்டேன். படித்ததும் இதைக் கிழித்துவிடு.

அண்ணன்


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணா,

நீங்கள் சொந்தம் இல்லையென்று சொன்னது பயத்தில் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

அவரைப் பத்து நிமிஷம் பார்க்க விட்டார்கள். முன்பல் இரண்டு இல்லை. "விழுந்துட்டேன்" என்றார். பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். கடைக்குச் சீல் வைத்துவிட்டார்கள். தெருவில் என்னைக் கண்டால் எதிரே வருகிறவர்கள் செருப்பைக் குனிந்து சரிசெய்கிறார்கள்.

அரசு வேலையில் இருக்கும் உறவினர் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டால் ஜாமீன் கிடைக்கலாம் என்கிறார் வக்கீல். இருபத்தொன்றாம் தேதி கோர்ட்டுக்கு வாருங்கள். எதுவும் பேச வேண்டாம், கையெழுத்து மட்டும் போதும். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

உங்கள் தங்கச்சி


ஏப்ரல் 23

அன்புத் தங்கச்சிக்கு,

டிக்கெட் எடுத்தேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தும்விட்டேன். கண்டக்டர் விசில் அடித்ததும் இறங்கிவிட்டேன்.

இந்த மாதம் எங்கள் எல்லாரிடமும் படிவம் வாங்கினார்கள். ‘பயங்கரவாதச் செயல்களில் தொடர்புடைய உறவினர் எவரும் எனக்கு இல்லை.’ அதன் கீழ் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கோர்ட்டில் போட்டால் அது பொய்யாகிவிடும். அப்படிப் பொய் சொன்னவனுக்கு ‘உடந்தையாளன்’ என்று பேர். அந்தச் சொல்லையும் நான்தான் புழக்கத்தில் விட்டேன். வேலை போனால் இந்த அரசு வீடு போகும். வேலையை விட்டால் ஏன் விட்டாய் என்று கேட்பார்கள். உட்காரவும் முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லையம்மா.

திட்டியாவது ஒரு வரி எழுது.

அண்ணன்


அக்டோபர் 30

அண்ணனுக்கு,

ஆதாரம் இல்லையென்று அவரை விட்டுவிட்டார்கள். பத்து நாளாகிறது. டிவியில் சொல்வார்கள் என்று மூன்று நாள் பார்த்தேன். பிறகு இங்குள்ள செய்தி அலுவலகத்துக்கே போய்க் கேட்டேன். "விட்டதெல்லாம் செய்தி இல்லம்மா" என்றார்கள். கடையைத் திறந்து வைத்திருக்கிறார். மோட்டார் ஒன்றுகூட வரவில்லை.

உங்கள் கடிதங்களை நான் கிழிக்கவில்லை. அவர் எல்லாவற்றையும் படித்தார். கோபப்படவில்லை. "மச்சான் எழுதினது யாருன்னு தெரியாம எழுதினது. அத விடு. சொந்தமான்னு கேட்டப்போ இல்லன்னாரு பாரு, அது அப்படியே இருந்துட்டுப் போகட்டும்" என்றார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது.

அடுத்த வாரம் வேறு ஊருக்குப் போகிறோம். முகவரி எழுதவில்லை. அந்தப் படிவத்தை அடுத்த வருஷமும் கேட்பார்கள். தைரியமாகக் கையெழுத்துப் போடுங்கள். இனி அதில் பொய் இல்லை.

இப்படிக்கு,
மோட்டார் கடைக்காரரின் மனைவி