மீதி ஒன்று வரவில்லை

மார்ச் 7

இல்லை, காரணி கிடைக்கவில்லை. ஒன்றுகூட. ஆனாலும் அது பகா எண் அல்ல. அறுநூறு இலக்கங்களைத் தாண்டும் எங்கள் எண், கட்டுரையின் முதல் பக்கத்திலேயே பகா எண் என்று அச்சாகிவிட்ட எண், சிறிய எண்களின் பெருக்கலாக எங்கோ உடைகிறது. எங்கே என்றுதான் தெரியாது.

சோதனை எளிது. இரண்டை, அந்த எண்ணுக்கு ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி, எண்ணால் வகுக்க வேண்டும். பகா எண் என்றால் மீதி ஒன்று வந்தே தீரும். போன வருடம் வந்தது. இன்று மாணவர்களுக்குக் காட்டுவதற்காக, சும்மா, இரண்டுக்குப் பதில் மூன்றை இட்டேன். வரவில்லை. திரும்பத் திரும்ப ஓட்டினேன்.

மார்ச் 8

இரண்டு பொய் சொல்லவில்லை. அந்த எண்ணைக் கட்டியதே இரண்டை வைத்து — ஒரு பகா எண் அடுக்குக்கு உயர்த்தி, ஒன்று கூட்டி, மூன்றால் வகுத்து. அப்படிக் கட்டிய எதுவும், உடைந்தாலும் உடையாவிட்டாலும், இரண்டின் சோதனையில் தேறிவிடும். நிரூபிக்க நான்கு வரி போதும். சொந்தக்காரரிடமே நற்சான்றிதழ் வாங்கியிருக்கிறோம்.

முதல் வரைவில் 'பெரும்பாலும் பகா எண்' என்றுதான் இருந்தது. வாக்கியம் நொண்டுகிறது என்று 'பெரும்பாலும்' என்பதை அடித்தவள் நான்.

கட்டுரையில் என் பெயரோடு இருக்கும் இன்னொரு பெயர் ஒட்டகத்தினுடையது. என் அறையிலேயே உட்காரும் சீனியர். உயரத்துக்கு வந்த பெயர். ஆறு வருடமாகத் தற்காலிக விரிவுரையாளர். வியாழக்கிழமை நிரந்தர வேலைக்கு நேர்முகம். அவர் கையில் இருப்பது இந்த ஓர் எண்தான்.

அக்காவிடம் சொன்னேன்.

"எதால உடையுதுன்னே தெரியாம, உடையும்னு எப்படிடி சொல்ற?"

"உடையலைன்னா மீதி ஒண்ணு வந்திருக்கணும்."

"சரி, வெள்ளிக்கிழமை சொல்லேன். எண்ணு எங்க ஓடிடப் போகுது?"

ஓடாது. அதுதான் தொல்லை.

மார்ச் 9

ஒட்டகத்திடம் சொன்னேன். சிரித்தார். "காரணியைக் காட்டு, அப்புறம் பேசலாம்."

மூன்றை இட்டு வந்த மீதியையும் நான்கு வரி நிரூபணத்தையும் நீட்டினேன். சிரிப்பு நின்றது.

"எப்ப பார்த்த?"

"சனிக்கிழமை."

"அப்ப ரெண்டு நாள் என்னைத் தூங்க விட்டிருக்க. இன்னும் மூணு நாள் விடேன்மா."



மார்ச் 10

பயமா இருக்கு. யாருக்காக? அவருக்கா, என் பேருக்கா? என் பேருதான் முதல்ல வருது. சீ.

மார்ச் 11

கட்டுரை வெளியான இதழின் ஆசிரியருக்கு, அது பகா எண் அல்ல என்று எழுதி அனுப்பிவிட்டேன். 'பெரும்பாலும்' என்ற சொல்லை நீக்கியது நான் என்பதையும் சேர்த்தே. ஒரு பிரதியை ஒட்டகத்தின் மேசையில் வைத்தேன். படித்தார், மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மார்ச் 12

இன்று வியாழன், நேர்முகம். அவர் நாற்காலி காலி. மணி பார்த்தபடியே இருந்தேன்.

மார்ச் 17

வேலை வேறொருவருக்கு. ஒட்டகமே சொன்னார். உட்கார்ந்ததும் எண் தவறு என்று தானே முதலில் சொல்லிவிட்டாராம். "அப்புறம் நாப்பது நிமிஷம் அதைப் பத்தியேதான் கேட்டாங்க. வேற ஒண்ணும் கேக்கல."

"சார், நான்—"

"இப்ப வேண்டாம்மா." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ரெண்டு மணி கிளாஸை நீ எடுத்துக்கறியா? இன்னிக்கு என்னால நிக்க முடியாது."

வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு அவருடைய வகுப்புக்குப் போனேன்.