எண்ணிக்கையில் ஒருவர் கூடுதல்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி தேவலையா? அம்மா மறக்காமல் மாத்திரை சாப்பிடுகிறாளா? நான் சௌக்கியம்.

இங்கே ஒரு வேடிக்கை. அறையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று சென்சார் வைத்து எண்ணும் சின்னக் கணினிப் பலகைக்கு, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய திறந்த மூல இயங்குதளம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலை எனக்கு. ஒன்றை ஏற்றினேன். அறையில் நான் மட்டும்தான். திரையில் இரண்டு என்றிருந்தது. வேறு இயங்குதளம் ஏற்றினேன், சென்சாரையும் மாற்றினேன், அப்போதும் இரண்டுதான். நிமிடத்துக்கு நிமிடம் அது எழுதி வைக்கும் பதிவில், நான் சாப்பிடப் போயிருந்த நேரத்துக்கு ஒன்று என்றிருந்தது.

மேலாளர் உள்ளே வந்து, "எதும்மா சரியா எண்ணுது?" என்றார். திரையில் மூன்று.

"ரெண்டும் ஒரே மாதிரிதான் எண்ணுது சார்."

"அப்போ கரண்ட் போனாலும் பதிவு அழியாததையே எடுத்துக்கோ."

அதையே எடுத்தேன். பயப்படாதீர்கள், ஏதோ கோளாறாகத்தான் இருக்கும்.

அம்மாவின் பழைய போர்வை ஒன்றை அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை ஃபோனை உடனே வைத்துவிடாதீர்கள். இங்கே சாப்பிட்டாயா என்று கேட்க ஆளில்லை. அதனாலோ என்னவோ, நேற்று மாலை கிளம்பும்போது அந்த அறையைப் பார்த்து, "நான் வீட்டுக்குப் போறேன், வரீங்களா?" என்று விளையாட்டாகக் கேட்டுவிட்டேன்.

இன்று காலை பதிவைப் பார்த்தேன். நான் கதவைப் பூட்டிய நிமிடத்திலிருந்து பூஜ்ஜியம்.

பஸ் வந்துவிட்டது, வீட்டுக்குப் போக வேண்டும். அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

உங்கள் மகள்