கொடுவா பிடித்த மருமகள்

12 ஜனவரி, ஞாயிறு
முட்டுக்காட்டு உப்பங்கழியில் இன்று என் தூண்டிலில் கொடுவா மீன்! என் கை நீளம். உயிர் இறாலை அப்படியே விழுங்கிக்கொண்டு ஓடியது, ரீல் கதறியது. வாரம் முழுக்க சிறுசேரி ஆபீசில் ஸ்க்ரீனைப் பார்க்கிறேன். ஞாயிறு காலை மட்டும்தான் என்னுடையது.

மாடம்பாக்கம் வீட்டுக்குத் திரும்பினால் வாசலிலேயே சக்தியின் அண்ணன். "ஆம்பளைங்க நடுவுல தூண்டில் போட்டுகினு நிக்கிறியாமே தமிழினி? ஊர்ல எங்களுக்கு இன்னா மரியாதை கீது?"

சக்தி போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். கட்டின புருஷன்!

மத்தியானம் அதே அண்ணன் தலைத்துண்டைக் கேட்டு வாங்கி உறிஞ்சினார். மீனில் மட்டும் மானக்கேடு ஒட்டாது போல.

16 ஜனவரி
மாமா, அதான் சக்தியின் அண்ணன், என் அப்பாவுக்கே போன் போட்டிருக்கிறார், "உங்க பொண்ணை அடக்கி வைங்க" என்று. இனி மாமா என்று எழுத மாட்டேன், பேர் சொல்லித்தான்: சம்பந்தம்.

அப்பா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "எத்தனை கிலோம்மா இருந்துச்சு?"

19 ஜனவரி, ஞாயிறு
உடைச்சிட்டான் அந்தச் சம்பந்தம். என் தூண்டில் ராடை என் கையிலேருந்து பிடுங்கி, முட்டியில வெச்சு, என் கண்ணு முன்னாடியே. தெருவே பார்த்துது. யார் இந்த ஆளு? எனக்கு யாரு?

"சக்தி, ஏதாவது சொல்லு" என்றேன்.

"அண்ணன் கோவத்துல... விடு தமிழ்."

விடு. அந்த ஒரு வார்த்தைக்காகவா இவனைக் காதலித்தேன்?

20 ஜனவரி
நான் பேசவில்லை. சக்தியும் பேசவில்லை. அவனுக்கு அது சௌகரியம்.

1 பிப்ரவரி, சனி
கேளம்பாக்கத்தில் வாடகைக்கு எடுத்துவிட்டேன். மாடியில் ஒரு ரூம், ஒரு கிச்சன். காலையில் பெட்டியோடு இறங்கியபோது வாசல் கேட் பக்கத்தில் சம்பந்தம், "போனா அப்டியே போயிரு" என்றார். சக்தி ஆட்டோ வரை பெட்டியைத் தூக்கி வந்தான். அதற்கு மட்டும் தைரியம் இருந்தது.

9 பிப்ரவரி, ஞாயிறு
புது ராடு. ஒன்றும் கடிக்கவில்லை. கடைசியில் ஒரு கெளுத்தி மாட்டி, கழற்றும்போது அதன் முள் விரலில் குத்திவிட்டது. வலியில் அண்ணன் தம்பி இரண்டு பேரையும் சத்தமாகத் திட்டினேன். பக்கத்தில் வலை வீசிக்கொண்டிருந்தவர் நகர்ந்து போய்விட்டார்.

அழுதேனா? ஆமாம். விரல் வலி.

23 பிப்ரவரி, ஞாயிறு
மீன் இல்லாமல் திரும்பினேன். மாடிப்படியில் சக்தி. பக்கத்தில் துணிப்பை.

"அண்ணன்கிட்ட சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"ராடை உடைச்சது தப்புன்னு. அடிக்க வந்துட்டாரு."

"இதைச் சொல்ல உனக்கு ஒரு மாசம்."

தலையைக் குனிந்துகொண்டான். பாவமாக இல்லை. கொஞ்சம்கூட இல்லை. சாப்பிட்டாயா என்றும் நான் கேட்கவில்லை. பூட்டைத் திறந்தேன்.

"பாய் ஒண்ணுதான் இருக்கு. அது எனக்கு."

"தரை போதும்" என்றான்.

கதவைச் சாத்தாமல் உள்ளே போனேன்.