பின்னால் வந்தவன்

மார்ச் 4

பாலத்தருகே நம் ஆட்களைச் சுட்டுக்கொண்டிருந்த எதிரி பீரங்கிகள் மீது விமானத்தோடு இரண்டு முறை பாய்ந்தேன். பின்னாலேயே என் துணை விமானி மூக்கனின் விமானம். இரண்டாவது முறை குண்டுகளையெல்லாம் அவன்தான் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். பீரங்கிகள் ஓய்ந்தன. அவன் இறக்கையில் பதினேழு ஓட்டை.

இறங்கியதும் மெக்கானிக் கேட்டார்: “சார், கமாண்டர் நாலு தடவை திரும்பி வரச் சொன்னாரே, கேக்கலையா?”

கேட்கவில்லை. என் ரேடியோ அதற்கு முன்பே செத்துப்போயிருந்தது. மூக்கனுடையது நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 7

எனக்குப் பதக்கமாம். உத்தரவை மீறியதற்காக மூக்கனுக்கு விசாரணையாம். கமாண்டரிடம் போய்க் கத்தினேன்.

“உனக்குக் கேக்கல, அவனுக்குக் கேட்டுச்சு. அவ்வளவுதான்ப்பா வித்தியாசம்.”

அதைத்தானே நானும் சொல்கிறேன்! கேட்காமல் போனவன் வீரனா, கேட்டும் போனவன் வீரனா?

மார்ச் 8

மனைவி போனில் அழுதாள், சந்தோஷத்தில். அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாளாம். எரிச்சல்தான் வந்தது.

மார்ச் 10

மூக்கன் விமானக் கொட்டகை வாசலில் உட்கார்ந்து பூட்ஸுக்குப் பாலிஷ் போடுகிறான். மூன்று நாளாக அதே பூட்ஸ். உத்தரவைக் கேட்டும் ஏன்டா அன்று என் பின்னால் வந்தாய் என்றால், “நீ என்னைக்குத் திரும்பிப் பாத்திருக்கே? பின்னாடி ஒருத்தன் வேணாமா?” என்று சிரிக்கிறான். ஓங்கி ஒன்று விடலாம் போலிருந்தது. தண்டனை வந்தால் இனி அவன் பறக்கவே முடியாது. வேறு என்ன தெரியும் அவனுக்கு?

மார்ச் 12

விசாரணை. ரேடியோ சாவதற்கு முன்பே உத்தரவு என் காதில் விழுந்தது, அதையும் மீறி அவனை என் பின்னால் வரச் சொன்னது நான்தான் — இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பதவியில் மூத்தவன் நான்; என் சொல்லை அவன் தட்ட முடியாது. யாரும் நம்பவில்லை. பொய் என்று சொல்லவும் வழியில்லை.

மார்ச் 13

மூக்கனுக்குத் தண்டனை இல்லை. எனக்குப் பதக்கம் போச்சு, பறப்பதும் போச்சு. மூக்கன் வந்து சட்டையைப் பிடித்தான். “உன்னை யாருடா பொய் சொல்லச் சொன்னது?”

மார்ச் 29

கட்டுப்பாட்டு அறை. ஒரு மைக், ஒரு பதிவேடு, இடுப்பை ஒடிக்கும் நாற்காலி. ஜன்னல் வழியே மற்றவர்கள் கிளம்புவதைப் பார்த்துக்கொண்டு — சே!

ஏப்ரல் 6

ஆற்றோரம் நம் ஆட்கள் மறுபடி மாட்டிக்கொண்டார்கள். மேலே மூக்கன். திரும்பி வரச் சொல் என்று கமாண்டர் போனில் உத்தரவு போட்டார். நான்கு தடவை கூப்பிட்டேன். ஐந்தாவது தடவை பதில் வந்தது:

“நீ பேசறது ஒண்ணுமே கேக்கலடா.”

நாற்பது நிமிடம் என்னை மைக்கைப் பிடித்தபடியே உட்கார வைத்துவிட்டு, ஒற்றைச் சக்கரத்தில் வந்து இறங்கினான். பாவி.

பதிவேட்டைத் திறந்து எழுதினேன்: ரேடியோ பழுது.