காலி அறைக் கதவைத் தட்டுகிறவர்

2020 ஜூன் 11, வியாழன். ஜீவனஹள்ளி.

சாயங்காலம் அவர் கப்பலிலிருந்து வீடியோ கால் பண்ணினார். கொரோனா வந்ததும் பயணிகளை மார்ச்சிலேயே இறக்கிவிட்டார்கள். வேலை செய்கிறவர்களை மட்டும் எந்தத் துறைமுகமும் இறங்க விடவில்லை. ஆள் இல்லாத அறைகளில் குழாய்த் தண்ணீர் தேங்கினால் கிருமி வருமாம். அதனால் ஒவ்வொரு அறையாகப் போய்க் குழாயைத் திறந்து, கொஞ்ச நேரம் ஓடவிட்டு மூடுகிறார்.

போனைத் திருப்பி காரிடாரைக் காட்டினார். நம்ம தெருவைவிட நீளம். இரண்டு பக்கமும் கதவுகள், முடிவே தெரியவில்லை. அவருடைய செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

"இந்த மாதிரி பத்து மாடி இருக்கு சுமதி."

இங்கே குழாயில் காவேரித் தண்ணீர் வந்து மூன்று நாள் ஆகிறது.

ஒவ்வொரு கதவையும் தட்டினார். "ஹவுஸ்கீப்பிங்" என்று சொல்லி, கொஞ்சம் நின்று, அப்புறம்தான் திறந்தார்.

"உள்ளதான் யாரும் இல்லையேங்க?"

"அடுத்தவங்க ரூம் இல்லியா. தட்டாம எப்படிப் போறது?"

அடுத்த கதவைத் தட்டிவிட்டு அவர் நின்றபோது, யாரோ திறக்கப்போவது மாதிரி நானும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். கதவு திறந்தது. எதிரே கண்ணாடி முழுக்கக் கடல்.

எப்போ வருவீங்க என்று கேட்டேன். அவர் அடுத்த கதவுக்குப் போய்விட்டார்.

நம்ம வீட்டுக் கதவை மட்டும் அவர் ஒருநாளும் தட்டியதில்லை. தள்ளிக்கொண்டு வந்துவிடுவார். வழக்கம்போல தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான் படுத்தேன். இப்போது எழுந்துபோய்த் தாழ்ப்பாளை எடுத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.